மாதாவின் கறுப்பு முக்காடு

தவக்காலம் தொடங்கிவிட்டால் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் அம்மாக்களுக்கு என்மேல் திடீரென்று பாசம் பொங்கும். சாம்பல் புதனன்று நெற்றியில் பூசிய சாம்பல் உதிர்வதற்குள் ஒருத்தி மாம்பழத்தோடு வந்து நிற்பாள். இன்னொருத்தி, "என்ன டீச்சர், இப்படி இளைச்சுட்டீங்க?" என்று கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பாள். நான் இளைத்திருந்த காலத்தில் இவள் பிறந்திருக்கவே மாட்டாள். எல்லாம் சம்மனசுக்காகத்தான்.

உயிர்த்த ஞாயிறு விடியலில் எங்கள் பங்குக் கோயிலிலிருந்து இரண்டு ஊர்வலங்கள் கிளம்பும். ஆண்கள் உயிர்த்த ஆண்டவரைத் தூக்கிக்கொண்டு மீன் சந்தை வழியாக வருவார்கள். பெண்கள், மகனைப் பறிகொடுத்த துக்கத்துக்குக் கறுப்பு முக்காடு போட்ட மாதாவைத் தூக்கிக்கொண்டு ரயில் பாதை வழியாக வருவார்கள். இரண்டும் எங்கள் பள்ளிக்கூட முற்றத்தில், மூங்கில் வளைவுக்குக் கீழே சந்திக்கும். அப்போது வளைவின் உச்சியிலிருந்து, வெள்ளை உடுப்பும் இறக்கையும் போட்ட ஒரு சின்னப் பெண்ணைக் கயிற்றில் கட்டி இறக்குவோம். அவள்தான் சம்மனசு. லத்தீன் பாட்டைப் பாடி, மாதாவின் முக்காட்டை அவள் எடுக்க வேண்டும். தாயின் முகம் தெரிந்ததும் மணி அடிக்கும், வெடி வெடிக்கும், எங்கள் தொண்டோப் பேட்டையே நின்று அழும். பிறகு தொண்டோவே சாப்பிடப் போய்விடும்.

அந்தப் பெண் மூன்றாம் வகுப்பிலிருந்துதான் வர வேண்டும். இரண்டாம் வகுப்பு பாதிக் கயிற்றில் அழுதுவிடும், நாலாம் வகுப்பு கயிற்றுக்குக் கனம். மூன்றாம் வகுப்பு என்னுடையது. அதனால்தான் இந்த லூர்தெஸ் டீச்சருக்கு மாம்பழம்.

குரல் இருக்கிறதா, உயரத்துக்குப் பயப்படாமல் இருக்கிறாளா, கயிற்றைப் பிடிக்க வீட்டில் அப்பா இருக்கிறாரா என்றெல்லாம் நான் பார்த்துக்கொள்வேன். கயிற்றை அப்பாதான் பிடிக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். இன்னொரு விதி மாதா சபைத் தலைவி செவெரினா அக்காவின் கையில் இருக்கிறது. சம்மனசின் வீட்டில் அந்த வருடம் துக்கம் இருக்கக் கூடாது. ஒருமுறை, சொந்த ஊரில் பெரியப்பா செத்ததை மறைத்து ஒரு குடும்பம் பெண்ணுக்கு இறக்கை கட்டி அனுப்பியது. முக்காடு மாதாவின் கிரீடத்தில் சிக்கிக் கிழிந்தது. அந்த வருடமே தீப்பிடித்து, ரயில் பாதையோரத்தில் பாதி வீடுகள் சாம்பலாயின.

யாரோ மண்ணெண்ணெய் அடுப்பைக் கவிழ்த்ததால் பிடித்த தீ அது என்று நான் ஒருமுறை வாயைத் திறந்தேன்.

"அடுப்பு கவுந்துச்சு, சரி. அதுக்கு முன்னாடி எத்தனையோ வருஷம் கவுந்துச்சா? அந்த வருஷம் ஏன் கவுந்துச்சு? படிச்சவதானே, சொல்லு!" என்றாள் செவெரினா அக்கா.

அதோடு வாயை மூடிக்கொண்டேன். கோயில் வாசலில் மெழுகுவர்த்திக் கடை வைத்திருக்கிற அந்த மனுஷியிடம் பங்குச்சாமியாரே வாக்குவாதத்துக்குப் போக மாட்டார்.

அந்த விதியில் அடிபட்டவள் எடெலின்.

நான் வேலைக்கு வந்த புதிதில் அவள் என் வகுப்பில் இருந்தாள். அந்த வருடத்துச் சம்மனசு அவள்தான். பாட்டை மனப்பாடம் செய்து, கயிற்றிலும் தொங்கிப் பழகியிருந்தாள். குருத்து ஞாயிறுக்கு முந்தின நாள், துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த அவள் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. செவெரினா அக்கா துக்க வீட்டுக்கு வந்தாள். சவப்பெட்டிக்கு முன்னால் முட்டி போட்டு ஜெபமாலை சொன்னாள். போகும்போது ஆணியில் தொங்கிய இறக்கையைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனாள்.

உயிர்த்த ஞாயிறன்று எடெலின் எங்கள் மாடி வகுப்பு ஜன்னலில் நின்று, வேறொருத்தி இறங்குவதைப் பார்த்தாள். அழவில்லை. கறுப்புச் சட்டையோடு நின்று, கூடவே பாட்டைப் பாடினாள். கயிற்றில் தொங்கியவளைவிட நன்றாகப் பாடினாள்.

வளர்ந்து நார்சிசோவைக் கட்டிக்கொண்டாள். அவனும் என் மாணவன்தான், கடைசி பெஞ்சில் உட்கார்ந்து சாக்பீஸ் தின்றவன். இப்போது சந்தைத் தடத்தில் ஆள் ஏற்றுகிற ஜீப்னி வண்டி ஓட்டுகிறான். மகள் கிளாரிபெல் சரியாக நடக்கப் பழகியதும் எடெலின் வீட்டு வேலைக்கு ஓமான் போய்விட்டாள். எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு அம்மா இப்படி எங்காவது கடலுக்கு அப்பால் இருப்பாள்.

கிளாரிபெல் என் வகுப்புக்கு வந்த வருடம், தவக்காலத்துக்கு முன்பே எடெலின் போனில் முகத்தைக் காட்டிப் பேசினாள்.

"டீச்சர், சிபாரிசு பண்றேன்னு நெனைக்காதீங்க."

"சிபாரிசுதான் பண்றே."

"ஆமா, சிபாரிசுதான்." சிரித்தாள். "என்னைவிட அவ நல்லாப் பாடுறா டீச்சர். நான் மாதா மூஞ்சியை ஜன்னல்லேருந்து பாத்தேன். அவ கிட்டக்கப் பாக்கட்டும். லீவு கேட்டிருக்கேன், ஈஸ்டருக்கு வந்துருவேன். இறக்கையும் நானே வாங்கி அனுப்புறேன். ஸ்கூல்ல இருக்கிற அந்தக் கோழி இறக்கை வேணாம், என் காலத்துலயே நாறும்."

சிபாரிசு தேவையே இல்லை. முழங்கால் எலும்பு துருத்திக்கொண்டிருக்கிற அந்தப் பெண் வாயைத் திறந்தால், சுவருக்கு அந்தப் பக்கம் மீன் வெட்டுகிறவள் கத்தியை நிறுத்திவிட்டுக் கேட்பாள். கிளாரிபெல்லைத்தான் தேர்ந்தெடுத்தேன். மாம்பழம் கொடுத்தவர்கள் என்னோடு பேசுவதை நிறுத்தினார்கள்.

குருத்து ஞாயிறுக்கு இன்னும் சில நாள் இருந்தது. மதிய இடைவேளையில் நார்சிசோ ஜீப்னியை நடுத்தெருவில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தான். பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்துக் கத்தின. மாடிப்படிக்குக் கீழே, பிள்ளைகள் கை கழுவுகிற குழாயடியில் என்னை நிறுத்தினான். முதலில் சிரித்தான்.

"டீச்சர், எடெலின் போயிட்டா."

"எங்கடா போயிட்டா? இப்பத்தானே வரேன்னு சொன்னா?"

"போயிட்டா டீச்சர்."

அப்போதுதான் அது சிரிப்பு இல்லை என்று தெரிந்தது. ராத்திரி துணி துவைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாளாம். தலைக்குள் ரத்தம் கட்டியிருந்ததாம். கூட வேலை பார்க்கிற தோழிதான் போன் செய்து சொல்லியிருக்கிறாள்.

"காலையில வறுத்த சோறும் கருவாடும் வயிறு முட்டத் தின்னுட்டு வண்டியை எடுத்தேன் டீச்சர். பாலத்தைத் தாண்டினதும் போன் வருது. அவ அங்க செத்துக் கெடந்திருக்கா, நான் இங்க தட்டை வழிச்சு வழிச்சுத் தின்னுருக்கேன்."

குழாயைத் திறந்துவிட்டு முகத்தை அதற்குள் வைத்துக்கொண்டான். நான் அவன் முதுகில் கை வைத்தேன். எட்டு வயதில் சாக்பீஸ் தின்று வாந்தி எடுத்தபோதும் இதே குழாயடியில் இதே முதுகைத்தான் தடவிக்கொடுத்தேன். எனக்கும் அழுகை வந்தது. ஆனால் முற்றத்தில் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள், அதில் கிளாரிபெல்லும் இருந்தாள்.

"அவகிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல. சொல்லவும் மாட்டேன். உடம்பு வர ஈஸ்டர் தாண்டிரும்னு சொல்றாங்க. சொன்னா நாளைக்கே துக்க வீடு. செவெரினா அக்கா வந்து ஜெபம் சொல்லும், அப்புறம் இறக்கையைக் கழட்டும். ஆத்தாளுக்கு நடந்தது மகளுக்கும் நடக்கணுமா?"

"நார்சிசோ, இது பெத்த தாயோட சாவுடா. மறைக்கிற விஷயமா இது?"

"ஒரே ஒரு காலைப்பொழுது டீச்சர். அவ இறங்கி அந்தத் துணியை எடுத்துரட்டும். எடெலின் கேட்டது அது ஒண்ணுதான். அப்புறம் நானே மடியில வெச்சுச் சொல்றேன். பாவம்னா என் தலையில போடுங்க."

நான் பங்குச்சாமியாரிடம் போகவில்லை. போனால் உண்மையைச் சொல் என்பார், அவர் வேலையே அதுதான். தலைமை ஆசிரியை சிஸ்டரிடமும் போகவில்லை. ஜன்னலில் நின்று பாடிய அந்தக் கறுப்புச் சட்டைதான் என் கண் முன்னால் நின்றது. சரி என்று தலையாட்டினேன்.

அம்மா வேலை செய்கிற வீட்டுக்காரர்கள் பாலைவனத்தில் இருக்கிற பண்ணைக்குப் போய்விட்டார்கள், அங்கே போனில் சிக்னல் கிடைக்காது என்று நார்சிசோ மகளிடம் கதை கட்டினான். "சரிப்பா" என்றாளாம். அதற்குப் பிறகு அம்மாவைப் பற்றி அவள் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

"நம்பிட்டா டீச்சர்" என்று என்னிடம் வந்து சொன்னான். சம்மனசு ஆகிற குஷியில் மறந்திருக்கிறாள் என்று இருவரும் நிம்மதிப் பெருமூச்சு விட்டோம். பெரியவர்களின் புத்தி அவ்வளவுதான்.

தினமும் சாயங்காலம் முற்றத்தில் ஒத்திகை நடந்தது. நார்சிசோ கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓயாமல் வேடிக்கை பேசுவான். முன்பெல்லாம் அவன் இவ்வளவு பேசமாட்டான்.

"ஏய், என்னத்தைத் தின்னே? அரிசி மூட்டை மாதிரி கனக்குறே!"

"நீங்க நல்லாப் பிடிங்கப்பா. விட்டுராதீங்க."

"உன்னை விட்டுட்டு நான் யாருக்குடி சோறாக்குறது?" என்று சொல்லிவிட்டு அண்ணாந்து சிரிப்பான்.

"ரொம்பச் சிரிக்காதீங்கப்பா, கயிறு ஆடுது" என்பாள் மேலிருந்து.

புனித வாரத்தில் புதன்கிழமை பெட்டி வந்தது. எடெலின் இரண்டு மாதத்துக்கு முன்பு கப்பலில் போட்ட பெட்டி. கடலுக்கு யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று தெரியுமா? அது பாட்டுக்கு வந்து சேர்ந்தது. இறக்கை வந்திருக்கும் என்று கிளாரிபெல் என்னையும் கையைப் பிடித்து வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். நார்சிசோ கத்தியால் பெட்டியின் ஒட்டுத்தாளைக் கிழித்தான். மூடியைத் திறந்ததும் சோப்பு வாசனை வீட்டையே நிறைத்தது. எங்கள் தெருவில் அம்மா வாசனை என்றால் அதுதான், பெட்டியில் வருகிற சோப்பு வாசனை.

டின்னில் அடைத்த மாட்டிறைச்சி, சாக்லேட், நார்சிசோவுக்கு ஒரு சட்டை, எனக்கு ஒரு கைக்குட்டை எல்லாம் இருந்தன. கிளாரிபெல்லுக்கு ஒரு ஜோடி கறுப்பு ஷூ இருந்தது. போட்டுப் பார்த்தால் விரலுக்கு முன்னால் அவ்வளவு இடம். வளர்வாள் என்று கணக்குப் போட்டு வாங்கியிருக்கிறாள் பாவி. அடியில், ஒரு பழைய பூத்துண்டில் சுற்றி, இறக்கை இருந்தது. வெள்ளை வெளேரென்று, ஒரு மடிப்புக்கூட இல்லாமல்.

"வண்டி டயர்ல காத்து இறங்கியிருக்கும், பாத்துட்டு வரேன்" என்று நார்சிசோ வெளியே போய்விட்டான்.

நான் இறக்கையை அவள் தோளில் மாட்டிவிட்டேன். கண்ணாடியில் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டாள். பிறகு அந்தப் பூத்துண்டை எடுத்து, மெல்ல மடித்துத் தன் தலையணைக்கு அடியில் வைத்தாள்.

"டீச்சர், இந்தத் துண்டைத் துவைச்சுற வேணாம்னு அப்பாகிட்ட சொல்லுங்க."

"ஏம்மா?"

"சும்மாதான்."

எனக்கு அதற்குமேல் அங்கே உட்கார முடியவில்லை. அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்தேன் என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். என் வீட்டில் பால் வாங்குவதே இல்லை.

பெரிய வெள்ளி வந்தது. எங்கள் பக்கம் அன்றைக்கு யாரும் குளிக்கக் கூடாது, உரக்கப் பேசக் கூடாது, சிரிக்கவே கூடாது. ஆண்டவர் செத்துக் கிடக்கிறார். தெருமுனைப் பந்தலில் காலையிலிருந்து ஒலிபெருக்கியில் ஆண்டவர் பட்ட பாடுகளைச் சொல்லும் பாட்டு இழுத்துக்கொண்டிருந்தது. அந்த ஒரு நாள்தான் நார்சிசோ தன் முகத்தை அதன் போக்கில் விட்டான். பந்தல் ஓரத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். பக்தி என்று எல்லாரும் நினைத்துக்கொள்வார்கள் என்று அவனுக்குத் தெம்பு. கிளாரிபெல் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவன் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு அவளும் அழுதாள். பாடுகளின் கதை கேட்டுப் பிள்ளைகள் அழுவது புதிதில்லை. நான் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் முற்றத்தில் மூங்கில் வளைவுக்குப் பூக் கட்டிக்கொண்டிருந்தேன். செவெரினா அக்கா இஸ்திரி போட்ட கறுப்பு முக்காட்டைக் கூடையில் வைத்து எடுத்து வந்தாள். முக்காட்டை எடுத்த பிறகு சம்மனசு அதை அந்தக் கூடையில்தான் போட வேண்டும்.

"நார்சிசோவுக்கு ஏன் கண்ணு அப்படி வீங்கியிருக்கு?" என்றாள்.

"நேத்து பெரிய வெள்ளி அக்கா. எல்லாருக்கும்தான் வீங்கியிருக்கு."

"அடியே லூர்தெஸ், எனக்குக் கண்ணுதான் மங்கிருச்சு, காது நல்லாத்தான் இருக்கு. என் தங்கச்சி மகளும் அதே ஊர்லதான் வேலை பாக்குறா. அன்னிக்கே எனக்குப் போன் வந்துருச்சு."

எல்லாம் போச்சு என்று நினைத்தேன். "அக்கா, நான் என்ன சொல்ல வரேன்னா..."

"வாயைத் திறக்காதே. நீ சொன்னா எனக்குத் தெரிஞ்சதாயிரும்." கூடையைக் கீழே வைத்தாள். "விதி என்ன? துக்கம் காக்குற வீடா இருக்கக் கூடாது. அந்த வீட்டுல யாராச்சும் நெஞ்சுல கறுப்புத் துணி குத்தியிருக்காங்களா? நான் பாக்கல. வாசல்ல மெழுகுவத்தி எரியுதா? என் கடையில யாரும் வாங்கல. அப்புறம் எங்கேருந்து துக்கம்?"

"தெருவுல யாருக்காவது தெரிஞ்சா?"

"யாருக்குத் தெரியாது? அந்தப் பிள்ளை ஒண்ணுக்குத்தான் தெரியாது. எவளாவது வாயைத் திறந்தா அந்த வாயில சூடா மெழுகை ஊத்துவேன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அந்தக் கிழவி என் முகத்தைப் பார்க்காமல் முக்காட்டின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"ஒருதரம் சவப்பெட்டி முன்னாடி அந்த இறக்கையைக் கழட்டினேன். எடெலின் ஒரு வார்த்தை சொல்லல. கதவைத் திறந்துவிட்டுச்சு. இன்னொரு தரம் என்னால ஆகாதுடி."

"நாளைக்கு முக்காடு சிக்கினா, அக்கா?"

"சிக்காது. எப்பவும் ஊசி குத்தித்தான் கிரீடத்துல நிறுத்துவோம். இந்த வருஷம் ஒரு ஊசியும் குத்தல, சும்மா மேல போட்டு வைக்கிறேன். காத்து மட்டும் அடிக்காம இருக்கணும்."

அவளுக்கு அந்தப் பயம் போகவில்லை. பயத்தை வைத்துக்கொண்டேதான் செய்தாள். அதற்காக அவளை எனக்கு முதல்முறையாகப் பிடித்தது.

ஞாயிறு விடிகிற நேரத்தில் முற்றத்தில் நிற்க இடமில்லை. இஞ்சித் தண்ணீர் விற்கிறவன் கூட்டத்துக்குள் புகுந்து புகுந்து போனான். வளைவின் உச்சியில் பலகைமேல் நானும் கிளாரிபெல்லும் நின்றோம். கீழே நார்சிசோ உள்ளங்கையில் துணியைச் சுற்றிக்கொண்டு கயிற்றைப் பிடித்திருந்தான், எடெலின் அனுப்பிய சட்டையைப் போட்டிருந்தான். கிளாரிபெல் அந்தப் பெரிய ஷூவைத்தான் போடுவேன் என்று பிடிவாதம் பிடித்து, முன்பக்கம் துணியை அடைத்துப் போட்டிருந்தாள்.

இடுப்புப் பட்டையை இறுக்கிவிட்டேன். "பயமா இருக்கா?"

"இல்ல டீச்சர்."

"அம்மா ரொம்பச் சந்தோஷப்படுவா" என்றேன். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"தெரியும் டீச்சர்" என்றாள்.

இரண்டு பக்கமிருந்தும் ஊர்வலம் வந்து நின்றது. பாண்டு வாத்தியம் ஓய்ந்தது. நான் கையைக் காட்டினேன், நார்சிசோ கயிற்றை மெல்ல விட்டான். வெள்ளை இறக்கை அசைய அவள் இறங்கினாள். மாதாவின் தலைக்கு நேராக வந்ததும் பாட ஆரம்பித்தாள். ஒரு இடத்தில்கூடக் குரல் நடுங்கவில்லை. இத்தனை வருடத்தில் எத்தனையோ சம்மனசுகளை இறக்கியிருக்கிறேன், அப்படி ஒரு பாட்டை நான் கேட்டதில்லை. கீழே செவெரினா அக்கா கூடையோடு நின்று, உதடு அசைய ஜெபித்துக்கொண்டிருந்தாள்.

பாட்டு முடிந்தது. கிளாரிபெல் இரண்டு கையாலும் முக்காட்டைப் பிடித்தாள். கொடியில் காய்ந்த துணியை எடுக்கிற மாதிரி அது சுலபமாக வந்துவிட்டது. மாதாவின் முகம் தெரிந்தது. கோபுரத்தில் மணி அடித்தது, வெடி வெடித்தது, மாடி ஜன்னல்களிலிருந்து பிள்ளைகள் பூவைக் கொட்டினார்கள். கூட்டம் ஓவென்று கத்தியது. நான் பலகைமேல் உட்கார்ந்துவிட்டேன். எடெலின், உன் மகள் எடுத்துவிட்டாள் என்று வாய்விட்டே சொன்னேன். வெடிச் சத்தத்தில் யார் காதிலும் விழுந்திருக்காது.

இனி முக்காட்டைக் கூடையில் போட வேண்டும். செவெரினா அக்கா கூடையை உயர்த்திப் பிடித்தாள். கிளாரிபெல் போடவில்லை. மாதாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், அவ்வளவு கிட்டத்தில். பிறகு தன் தலையில் இருந்த காகிதக் கிரீடத்தைக் கழற்றிக் கூடைக்குள் போட்டாள். கறுப்பு முக்காட்டை எடுத்துத் தன் தலைமேல் போட்டுக்கொண்டாள்.

அந்தரத்தில் வெள்ளை இறக்கையும் கறுப்பு முக்காடுமாக அவள் தொங்கினாள். பாண்டுக்காரர்கள் வாசிக்க எடுத்த குழலை வாயில் வைத்தபடியே நின்றார்கள். கத்திக்கொண்டிருந்த கூட்டம் முன்வரிசையிலிருந்து ஒவ்வொரு வரிசையாக அடங்கியது. நான் ஏணியில் எப்படி இறங்கினேன் என்று எனக்குத் தெரியாது. நார்சிசோ கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, அவள் கால் தரையில் படும்வரை இறக்கினான். அவன் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

கிளாரிபெல் அவனிடம் நடந்து போனாள். ஷூ பெரிதாக இருந்ததால் தேய்த்துத் தேய்த்து நடந்தாள்.

"அப்பா, மாதாவுக்குத் துக்கம் முடிஞ்சிருச்சு. இனிமே நம்ம ஆரம்பிக்கலாமா?"

நான்தான் அவள் முன்னால் முட்டி போட்டு, "உனக்கு யாரும்மா சொன்னா?" என்றேன்.

"யாரும் சொல்லல டீச்சர். அன்னிக்குக் காலையில அப்பா போனை நான்தான் முதல்ல எடுத்தேன். அம்மாவோட கூட இருக்கிற ஆன்ட்டி. நான் ஹலோன்னு சொல்றதுக்குள்ள, நார்சிசோ, நம்ம எடெலின் செத்துட்டாடான்னு அழுதாங்க."

"எங்ககிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா இறக்கையைக் கழட்டிருவாங்கன்னு அம்மா சொல்லியிருக்காங்க." முக்காட்டை நெற்றியில் சரிசெய்துகொண்டு அப்பாவைப் பார்த்தாள். "அப்பா அப்ப சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க. கருவாடு அவங்களுக்கு ரொம்பப் பிடிக்கும். அவங்க சாப்பிட்டு முடிக்கட்டும், கொஞ்ச நேரம் கழிச்சுக் கூப்பிடுங்கன்னு ஆன்ட்டிகிட்ட சொல்லிட்டு வெச்சுட்டேன்."

நார்சிசோ அப்படியே மண்ணில் உட்கார்ந்தான். அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டான். அவன் பிடித்த பிடியில் புது இறக்கை ஒரு பக்கம் நசுங்கியது. அப்போதுதான் அவள் அழுதாள். அத்தனை நாளும் அடக்கி வைத்ததை எல்லாம் ஒரே மூச்சில் அழுதாள். அம்மா, அம்மா என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை. என்னாலும் தாங்க முடியவில்லை. நாங்கள் அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தோம். அந்தச் சின்ன உடம்பு எங்கள் எல்லாரையும் தனியாகத் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறது.

செவெரினா அக்கா காகிதக் கிரீடம் கிடந்த கூடையைக் கீழே வைத்தாள். முழங்கால் வலியில் முனகிக்கொண்டே அவர்கள் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்து, தன் பைக்குள்ளிருந்து ஒரு துண்டுக் கறுப்புத் துணியை எடுத்து நார்சிசோவின் புதுச் சட்டையில் குத்திவிட்டாள். வருடா வருடம் முக்காட்டை மாதாவின் கிரீடத்தில் நிறுத்துகிற ஊசியால்தான் குத்தினாள். மேலே கோபுரத்தில் மணி அடிக்கிறவனுக்குக் கீழே நடப்பது எதுவும் தெரியாது, அவன் விடாமல் அடித்துக்கொண்டே இருந்தான்.